மூன்றாம் எண்ணை அழுத்தவும்

என்ன படிப்பது என்று ஆறு மாதம் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டது நான். முடிவு செய்தது எங்கள் கம்பெனி வாசலில் இருக்கும் வாட்ச்மேன் சின்னச்சாமி. அதற்கு அவருக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். வேனில் வருகிற அக்காமார் அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு மட்டும் இன்னும் சிரிப்பு வந்தபாடில்லை.

நான் பாண்டிச்செல்வி. தாயில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஐந்து வருடமாக பேக்கிங் வேலை பார்க்கிறேன். என் அம்மா குருவம்மாளும் அங்கேதான், திரி வைக்கிற ஷெட்டில். காலையில் வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். சாயங்காலம் கொண்டுவந்து தட்டிவிட்டுப் போகும். பெட்டியில் லேபிள் ஒட்டுவது என் வேலை. சிவகாசி பிரஸ்ஸிலிருந்து வருகிற லேபிளில் கலர் தப்பியது, மங்கலானது என்று தினமும் ஒரு கட்டு கழிவு விழும். அதன் பின்பக்கம் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். தூக்கிப் போட மனசு வராமல் வீட்டுக்குக் கொண்டுவந்து அதில் படம் போட ஆரம்பித்தேன்.

முதலில் சும்மாதான் போட்டேன். பிறகு எங்கள் வீட்டுக் கோழியைப் போட்டேன். போன தீபாவளிக்கு முந்தின நாள் எதிர்வீட்டில் கம்பி மத்தாப்பு கொளுத்தினார்கள். அதைப் பார்த்து எங்கள் கோழி நின்றது, கழுத்தை நீட்டியது, ஒரு கால் எடுத்து வைத்தது, பிறகு உயிர் போகிற மாதிரி ஓடியது. அந்த ஓட்டத்தை நாற்பது லேபிளில் ஒவ்வொரு அடியாக வரைந்து, ஓரத்தைத் தைத்து, கட்டைவிரலால் சர்ரென்று புரட்டிவிட்டால் கோழி ஓடுகிறது. அதைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். அதற்கப்புறம் ஃபோனில் ஒரு ஆப் இறக்கி விரலாலேயே வரைந்து பழகினேன்.

இந்தச் சமயத்தில்தான் விருதுநகரில் பட்டாசுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் அனிமேஷன் பயிற்சி என்று நோட்டீஸ் வந்தது. ஆறு மாதம், இலவசம், பஸ் காசும் தருவார்கள். ஆனால் ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான், வயது இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டும். எனக்கு வருகிற கார்த்திகையோடு இருபத்தைந்து முடிகிறது. இதை விட்டால் வேறு கிடையாது.

அதில் இரண்டு படிப்பு. 2டி என்றால் நான் செய்கிற மாதிரி ஒவ்வொரு படமாக வரைந்து ஓடவிடுவது. 3டி என்றால் கம்ப்யூட்டருக்குள்ளேயே பொம்மை செய்து, எலும்பு மாட்டி, நாலு பக்கமும் சுற்றிக் காட்டுவது. எது வேண்டும் என்று நாமே சொல்ல வேண்டும். நான் ஒரு நோட்டுப் போட்டு, கிடைத்த வீடியோ எல்லாம் பார்த்து எழுதிவைத்தேன். ஒரு நாள் லீவு போட்டு விருதுநகருக்குப் போய் இரண்டு வகுப்பையும் பார்த்தேன். 3டி வகுப்பில் பெரிய பெரிய கம்ப்யூட்டர் இரைந்துகொண்டிருந்தது. அங்கே இருந்த சாரிடம், "சார், இத வீட்ல ஃபோன்ல செஞ்சு பழகலாமா?" என்று கேட்டேன்.

"ஃபோன்லயா? இதுக்கு இந்த மாதிரி கம்ப்யூட்டர் வேணும்மா. ஃபோன்னா ரெண்டு டி வேணா பண்ணலாம்" என்றார்.

எனக்கு அந்த ஒரு பதில் போதும். ஆறு மாதம் கழித்து நான் திரும்பி வரப்போவது என் வீட்டுக்கு. அங்கே கம்ப்யூட்டர் கிடையாது, ஃபோன்தான் இருக்கிறது. 2டி படித்தால் கையோடு வரும். வேலை கிடைக்கிற வரைக்கும் வரைந்துகொண்டே இருக்கலாம். 3டி படித்தால் அது அந்த ரூமோடு நின்றுவிடும். நோட்டில் பெரிதாக 2 என்று எழுதி வட்டம் போட்டேன். மனுவையும் கொடுத்தேன். தேர்வானவர்களுக்கு ஃபோன் வரும், அதில் கேட்கிறபோது எந்தப் படிப்பு என்று சொன்னால் போதும் என்றார்கள்.

அந்த ஃபோனில்தான் குடி கெட்டது.

பட்டாசுக் கம்பெனிக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது. தீப்பெட்டி, இரும்புச் சாமான், ஃபோன் எல்லாம் வாசலோடு சரி. கேட்டுக்குப் பக்கத்தில் வாட்ச்மேன் ரூமில் புறாக்கூண்டு மாதிரி ஒரு பலகை அலமாரி இருக்கிறது. ஆளுக்கு ஒரு பொந்து, பொந்துக்கு ஒரு நம்பர். என்னுடையது நாற்பத்தொன்று. காலையில் வைத்தால் சாயங்காலம்தான் எடுக்க முடியும். என் அப்பா ஆண்டிச்சாமி வேறொரு கம்பெனியில் வேலை பார்க்கிறார், அவர் ஃபோனும் அங்கே ஒரு பொந்தில்தான் இருக்கும். எங்கள் தெருவில் யாருக்கு நீங்கள் பகலில் ஃபோன் போட்டாலும் ஏதாவது ஒரு கம்பெனி வாசலில்தான் மணி அடிக்கும்.

அதனால் எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. யார் ஃபோன் அடித்தாலும் சின்னச்சாமி பெரியப்பாதான் எடுப்பார். எங்கள் தெருக்காரர், அறுபதை நெருங்கினவர், எல்லாருக்கும் பெரியப்பா. கேட்டை விட்டு அவர் நகரக் கூடாது. ஃபோனில் என்ன சொன்னார்களோ அதை மனசில் வைத்திருந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு நாங்கள் வெளியே வரும்போது வரிசையாக ஒப்பிப்பார். "ஒன் நாத்தனார் பேசுனாக, பொண்ணு பெரிய மனுஷி ஆயிட்டாளாம், ஞாயித்துக்கெழம சடங்காம். ஒனக்கு ரேசன்கடையில சீனி போடுறாகளாம். ஒன் மகன் பாஸாம்." ஒன்றைக்கூட மாற்றிச் சொன்னது கிடையாது. எங்களுக்கும் அது பழகிப்போய்விட்டது. உள்ளே அத்தனை வெடிக்கு நடுவே நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறோம் என்றால், வெளியே அவர் இருக்கிறார் என்பதும் ஒரு காரணம்.

அன்றைக்கு மத்தியானம் என்னைப் பார்த்ததுமே முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தார்.

"தாயி, ஒனக்கு அந்தப் படிப்பு கெடச்சிருச்சு. விருதுநகர்ல இருந்து ஃபோன் வந்துச்சு."

"என்ன சொன்னாக பெரியப்பா?"

"ஆளு யாரும் பேசல. பதிஞ்சு வச்ச பொம்பளக் கொரலு. ரெண்டு டிக்கு ரெண்டை அமுக்கு, மூணு டிக்கு மூணை அமுக்குன்னு சொல்லுச்சு. நான் மூணை அமுக்கிட்டேன்."

"மூணா?"

"ஆமா. வாழ்த்துகள்னு சொல்லிட்டு வச்சிருச்சு."

அவரே விளக்கம் சொன்னார். "வாணவெடில பன்னெண்டு ஷாட்ட விட முப்பது ஷாட்டு பெருசு. முப்பத விட அறுவது பெருசு. மத்தாப்புலயும் பத்து செண்டிமீட்டர விட முப்பதுதான ஒசத்தி? ரெண்டும் மூணும் இருக்கும்போது நம்ம பிள்ள எதுக்கு ரெண்டு படிக்கணும்?"

அவர் சொன்னதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. நாற்பது வருடமாகப் பட்டாசுப் பெட்டியில் நம்பரைப் பார்த்தே உசத்தி எது, தாழ்த்தி எது என்று தெரிந்துகொண்டவர். எனக்கு அது அப்போதே புரிந்தது. ஆனாலும் ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"ஒங்கள யாரு அமுக்கச் சொன்னது? ஆறு மாசம், பெரியப்பா. ஆறு மாசம் அலஞ்சு பாத்து ரெண்டுதான் வேணும்னு எழுதி வச்சிருக்கேன். ஒங்களுக்கு என்ன தெரியும்னு அமுக்குனீக? இனிமே என் ஃபோனு அடிச்சா தொடாதீக. செத்தாலும் சரி, என் ஃபோன நீங்க தொடக் கூடாது."

சாப்பாட்டுக்கு வந்த எழுபது பேரும் கேட்கிற மாதிரிக் கத்தினேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். பெரியப்பா நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அன்றைக்கு மற்றவர்களுக்கு வந்த சேதி எதையும் அவர் ஒப்பிக்கவில்லை. ஒவ்வொருவராகப் போய்க் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு விருதுநகருக்குப் போனேன். பயிற்சி மையத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் பிரீத்தி என்று பெயர் அட்டை மாட்டிய பெண் இருந்தார். என் வயதுதான் இருக்கும்.

"மேடம், நான் கேட்டது ரெண்டு. தெரியாம மூணு விழுந்துருச்சு. மாத்திக் குடுங்க."

"நான் மாத்த முடியாதுங்க. சிஸ்டம்தான் மாத்தும். திருத்தம் வேணும்னு பதிவு பண்றேன். ஏழு வேலை நாளுக்குள்ள மறுபடி அதே மாதிரி கால் வரும். ரெண்டை அழுத்துங்க. மூணு தடவை அடிக்கும். எடுக்கலைன்னா பழையதே நின்னுடும்."

"எத்தனை மணிக்கு வரும்?"

"பத்துல இருந்து அஞ்சுக்குள்ள."

"அந்த நேரத்துல நான் கம்பெனிக்குள்ள இருப்பேன் மேடம்."

"ஃபோனைக் கையில வச்சிக்கோங்க."

"கையில வச்சிருந்தா ஒரு நாளைக்குக் கம்பெனியே இருக்காது மேடம்."

அவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "சரி, வீட்ல வேற யாராவது நம்பர் குடுங்க."

வீட்டில் இருக்கிற மூன்று நம்பரும் மூன்று பொந்துக்குள் இருப்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது? ஏசி ரூமில் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறவருக்கு, பகல் முழுக்க ஃபோனைத் தொடாத ஒரு ஊர் இருக்கும் என்று தோன்றவே இல்லை. அவர் மேல் குற்றமும் இல்லை. ஆனால் எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. அந்த வாரம் எனக்கு யார் மேல்தான் கோபம் வரவில்லை?

மூன்று நாள் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். ஃபோனை முழுசாகச் சார்ஜ் போட்டு, முந்தானையில் முடிந்த மாதிரி கூடவே வைத்துக்கொண்டேன். குளிக்கப் போனாலும் வாசற்படியில் வைத்து, காதை அங்கேயே வைத்துக்கொண்டு குளித்தேன். சேவல் கூவுவதைத்தான் மணியாக வைத்திருக்கிறேன். அந்த மூன்று நாளில் அது பதினான்கு தடவை கூவியது. கடன் வேண்டுமா என்று கேட்டார்கள். சிம் கார்டு மாற்றச் சொன்னார்கள். இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு எப்போது நடக்கப் போகிறோம் என்று அத்தை மூன்று தடவை கேட்டாள். விருதுநகரிலிருந்து ஒன்றும் வரவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மா வேனிலிருந்து இறங்கும்போதே சொன்னாள். "போர்மேன் காளீஸ்வரன் சொல்லிவிட்டாரு. வடக்க போற லோடு நிக்குது, பேக்கிங்ல ஆளு பத்தல. நாளைக்கு நீ வரலைன்னா அந்த எடத்துக்கு வேற பிள்ளையப் போட்டுருவாராம்."

"போடட்டும். நான்தான் படிக்கப் போறேன்ல."

"படிச்சு முடிச்சு வேல கெடைக்கிற வரைக்கும் எங்க போவ? சீசன்ல கைய விட்டுட்டா திரும்ப எடுப்பாகளா?"

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. எல்லாருடைய பேச்சிலும் நியாயம் இருந்தால் நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? நாலாம் நாள் வேனில் ஏறிவிட்டேன்.

கேட்டில் பெரியப்பா இருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். "ஃபோன் அடிச்சா ரெண்டை அமுக்குங்க" என்று நாலு வார்த்தை போதும். வேனிலிருந்து அலமாரி வரைக்கும் அந்த நாலு வார்த்தை என் நாக்கில்தான் இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு வீம்பு. எழுபது பேர் முன்னால் கத்திவிட்டு, இப்போது போய் அவரிடமே உதவி கேட்பதா என்று தோன்றியது. நாற்பத்தொன்றில் ஃபோனை வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பாமலே உள்ளே போனேன். அன்றைக்கு நூற்றிருபது ஷாட் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற வேலை.

பதினோரு மணி இருக்கும். ஷெட்டுகளுக்குத் தண்ணீர் கொண்டுவருகிற கற்பகவல்லி அக்கா வந்து குடத்தை இறக்கினாள்.

"செல்வி, ஒன் ஃபோனு கூவுதாம். ஒரு தடவ கூவி நின்னுருச்சாம். சின்னச்சாமி பெரியப்பா ஒன்னிய வரச் சொன்னாரு."

பசைத் தட்டை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்து ஓட ஆரம்பித்தேன். பத்து அடி போயிருக்க மாட்டேன்.

"ஏ, யாரு அது ஓடுறது?"

காளீஸ்வரன் அண்ணாச்சி வெடிமருந்து ஷெட் பக்கமிருந்து கை நீட்டிக்கொண்டிருந்தார். எங்கள் கம்பெனி வேலிக்குள் யாரும் ஓடக் கூடாது. ஓடினால் தடுக்கி விழுவோம், எதிலாவது மோதுவோம், கூட நாலு பேர் என்னவோ ஏதோவென்று ஓடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுப்பது அதுதான். நின்றேன். நடந்தேன். ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று ஐந்து வருடத்தில் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. செருப்பில்லாத கால் வெயிலில் பொரிந்தது. பாதி தூரம் போகும்போது சேவல் கூவுகிற சத்தம் கேட்டது. அது இரண்டாவது தடவை. நான் நடந்துகொண்டே இருந்தேன், அது கூவிக்கொண்டே இருந்தது, பிறகு நின்றது.

கடைசி ஷெட்டைத் தாண்டியதும் வாட்ச்மேன் ரூம் தெரிந்தது. பெரியப்பா அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். எனக்கும் அவருக்கும் நடுவே முப்பது அடிகூட இருக்காது. அப்போது மூன்றாவது தடவை சேவல் கூவியது.

"பெரியப்பா, எடுங்க."

திரும்பிப் பார்த்தார். "என்ன தாயி?"

"ஃபோன எடுங்க. ரெண்டை அமுக்குங்க."

"தொடக் கூடாதுன்னு நீதான தாயி சொன்ன."

"இப்ப நாந்தான் சொல்றேன், எடுங்க."

பின்னால் கட்டிய கையை அவர் அவிழ்த்தார். பொந்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அங்கேயே நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"நெசமாத்தான் சொல்றியா? அப்புறம் வைய மாட்டியே?"

சேவல் நின்றுவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது ஃபோனில் மூன்று தவறிய அழைப்பு. அந்த நம்பருக்குத் திருப்பிப் போட்டேன். இந்த எண்ணுக்கு அழைக்க இயலாது என்றது. மறுபடி போட்டேன், மறுபடி அதையே சொன்னது. மூன்றாவது தடவை போடும்போது ஒரு மெசேஜ் வந்து விழுந்தது. தங்கள் தேர்வு 3டி, உறுதி செய்யப்பட்டது, வாழ்த்துகள் என்று இருந்தது.

ஃபோனைத் தரையில் அடித்து உடைக்க வேண்டும் போல இருந்தது. பெரியப்பாவை ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். முதல் தடவை கேட்காமல் எடுத்தார், வைதேன். இந்தத் தடவை கேட்டுவிட்டு எடுக்கப் போனார். அப்படிக் கேட்க வைத்தது நான்தான். ஃபோனை நாற்பத்தொன்றிலேயே வைத்துவிட்டு ஷெட்டுக்குத் திரும்பி நடந்தேன். அன்றைக்கு ஒட்டிய லேபிள் பாதி கோணல். காளீஸ்வரன் அண்ணாச்சி பார்த்துவிட்டுப் போனார்.

மத்தியானம் நான் சாப்பிட வெளியே வரவில்லை.

சாயங்காலம் வேன் வந்து நின்றது. எல்லாருக்கும் ஃபோனை எடுத்துக்கொடுத்த பெரியப்பா என்னுடையதை மட்டும் தொடவில்லை. நானே எடுத்துக்கொண்டேன். வேன் பக்கம் போகும்போது பின்னாலேயே வந்தார்.

"தாயி, மாத்திக்கிட்டியா?"

ஃபோனை எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது. நான் அவரிடம் சொல்லவே இல்லையே. அன்றைக்கு முழுக்க அவர் அதை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கன்னம் வற்றிப்போயிருந்தது. மத்தியானம் அவரும் சாப்பிட்டிருக்க மாட்டார்.

"மாத்தல பெரியப்பா. மூணே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"மூணுன்னா பெருசுதான தாயி?"

"பெருசுதான்."

அவர் தலையை ஆட்டினார். இரண்டு தடவை ஆட்டினார். நான் ஏறி அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ஜன்னல் பக்கம் இருந்தாள். கற்பகவல்லி அக்கா அவளிடம் எதையோ சொல்லியிருக்க வேண்டும், என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஃபோனு வந்துச்சாமே. எதை அமுக்குன?"

"மூணு."

"யாரு அமுக்குனது?"

ஜன்னலுக்கு வெளியே பெரியப்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாந்தான்மா" என்றேன். அவருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"நல்லா யோசிச்சுத்தான அமுக்குன?"

"ஆறு மாசம் யோசிச்சேன்மா."

வேன் நகர்ந்தது. பெரியப்பா கேட்டைச் சாத்தினார். மடியில் அன்றைக்குக் கிடைத்த கழிவு லேபிள் ஒரு கட்டு இருந்தது. அதைக் கீழே வைக்காமல் ஊர் வருகிற வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தேன்.